பாலவாக்கத்தில் ஒரு மாலத்தீவு

தென் சென்னையில் இன்றைக்கு ஒழுங்காகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும் இளம் தம்பதிகளில் பாதிப் பேர் ஹனிமூன் நைனாவின் புண்ணியத்தில் பிழைத்தவர்கள். மீதிப் பாதி, அவர் கண்ணில் படாமல் தப்பித்தவர்கள். இதை நான் எந்தக் கோயில் வாசலில் நின்று வேண்டுமானாலும் சொல்வேன். மயிலாப்பூரில் கோயிலுக்கா பஞ்சம்?

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'நைனா'. பெண்கள் எல்லோரும் 'பாப்பா'. என் அம்மாவும் பாப்பாதான். அதனால் ஊரும் அவரை நைனா என்றே கூப்பிட்டது. தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மேட்சிங் ப்ளவுஸ் கடைக்கு மாடியில் அவருடைய டூர் ஆபீஸ். சுவர் முழுக்கக் கடல் படம். அந்த நீல வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிற யாரைப் பார்த்தாலும் இப்போதுதான் படகிலிருந்து இறங்கி வாந்தி எடுத்தவர் மாதிரியே இருப்பார்.

முன்பு அவர் கோடம்பாக்கத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர். டூயட் எடுக்கும் கூட்டத்தைத் தீவு தீவாக அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, சண்டை தீர்த்து, திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. சினிமாவை விட்டு வெளியே வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்தவை மூன்று. வெயிலுக்குப் பிடிக்கிற ஒரு பெரிய கலர்க் குடை, ஒரு விசில், ஒத்திகை இல்லாமல் உலகத்தில் எதுவுமே செய்யக்கூடாது என்கிற வெறி.

"ஒரு பாட்டுக்கே ரெண்டு நாள் ஒத்திகை பாக்கறோம் பாப்பா. ஹீரோவும் ஹீரோயினும் சும்மா நடிக்கப் போவுதுங்க. நீங்க நெசமாவே வாழப் போறீங்க. ஒத்திகை வோணாமா?" என்பார்.

அதாவது, தீவுக்கு ஹனிமூன் கேட்டு வருகிற ஜோடி முதலில் பாலவாக்கம் கடற்கரையில் ஒரு நாள் பூராவும் தனியாக இருந்து காட்ட வேண்டும். காலையிலிருந்து சூரியன் மறைகிற வரை. போன் கிடையாது, கூட யாரும் கிடையாது. தேறினால் டிக்கெட். தேறாவிட்டால், "ஊட்டிக்குப் போய்க்கோ நைனா. ஊட்டில கடை கீது. சண்டை வந்தா ஒருத்தர் கடைக்குப் போலாம். தீவுல எங்க போவே? நாலு பக்கமும் தண்ணி!"

இந்த ரூலுக்கு ஒரு காரணம் உண்டு. கிண்டி மாப்பிள்ளை ஒருவர் ஒத்திகை இல்லாமல் தீவுக்குப் போய், இரண்டாம் நாளே நைனாவுக்குப் போன் செய்து, "சார், செம போரா இருக்கு, பக்கத்துல தியேட்டர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவர் பெண்டாட்டி போனைப் பிடுங்கி, "சார், நாளைக்கே எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடுங்க" என்றிருக்கிறாள். தனித்தனி விமானத்தில் திரும்பி வந்தவர்கள், நெட்டில் நைனாவின் கம்பெனிக்கு ஆளுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டார்கள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுங்க ரெண்டும் ஒண்ணா செஞ்ச ஒரே வேலை அதான் பாப்பா" என்று சொல்லிவிட்டு நைனா தோளிலிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஸ்டாரை நினைத்துத்தான்.

எங்கள் முறை வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை ரகு, அடையாறு. நல்ல வேலை, நல்ல குடும்பம், நல்ல பல்வரிசை. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. பெண் பார்த்த அன்று அரை மணி, நிச்சயதார்த்தத்தன்று போட்டோக்காரர் சொன்னபடி சிரித்த நேரம், அப்புறம் போனில் "சாப்டாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான் எங்கள் காதல் காவியம். மாலத்தீவு வேண்டும் என்றது நான். ரகு தனியாகப் போய் நைனாவிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். மறுநாளே நைனா எனக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை என்று அறிவித்தார். குரலில் ஏதோ ஒரு அவசரம் இருந்தது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாள் முழுக்க ஒரு பையனோட பீச்சுல உக்காந்துண்டு என்னடி பேசுவே?"

"கல்யாணத்துக்கு அப்புறம் மட்டும் என்னம்மா பேசுவேன்?"

கவலை வந்தால் எங்கள் ஆத்தில் செய்கிற காரியத்தை அம்மா செய்தாள்: தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை பாலவாக்கத்தில் நைனா எங்களுக்கு முன்பே ஆஜர். எங்கள் இரண்டு போனையும், என் கைப்பையையும், ரகுவின் பர்ஸையும் வாங்கித் தன் தோள்பையில் போட்டுப் பூட்டினார். பிறகு குடையின் முனையால் மணலில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஒரு சின்னக் குடையை நட்டார்.

"இது தீவு. இது உங்க வில்லா. கோட்டுக்கு அந்தாண்ட எல்லாம் ஆழ்கடல். நான் கீறதா நெனைக்காதீங்க. நான் மீனு."

சொல்லிவிட்டு மீன் தூரத்தில் போய்க் கலர்க் குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. சுண்டல்காரர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். விசில் பறந்தது. "அந்தாண்ட போ நைனா! தீவுல சுண்டல் கெடையாது!" வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "இன்னா சார், ஷூட்டிங்கா?" என்று விசாரித்தார். "ஆமா, ரிகர்சல்" என்றார் நைனா. பொய்யும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு ஒரு சிறு கூட்டம் சேர்ந்து, கதாநாயகன் எப்போது வருவான் என்று ரகுவையே பார்த்துக்கொண்டு நின்றது.

முதலில் ஆபீஸைப் பற்றிப் பேசினோம். அவர் மேனேஜர் மோசம், என் மேனேஜரும் மோசம். பிறகு வெயிலைப் பற்றி. பிறகு பேச்சு நின்றுபோனது. ரகுவுக்கு வியர்த்துக் கொட்டியது. அடிக்கடி நைனாவைப் பார்த்தார். நைனா தூரத்திலிருந்தே வாயருகில் விரலைக் குவித்துக் குவித்து ஏதோ ஜாடை காட்டினார். ரகு வேண்டாம் என்று தலையாட்டினார். நைனா விசிலடித்தார். "டயலாக், நைனா, டயலாக்! டயம் போய்க்கினே கீது!"

இவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்து எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. என்ன அது? வேறு பெண்ணா? வேலை போய்விட்டதா? ஏதாவது வியாதியா? பத்திரிகை கொடுத்த வீடுகள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து போயின. ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய், "அந்தக் கல்யாணம் இல்லை" என்று அப்பா சொல்லுகிற காட்சியும் வந்தது.

"ரகு, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்கோ."

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"அம்மா அப்பாவும் வரா."

"எங்க, இங்கயா?"

"மாலத்தீவுக்கு."

காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். நாலு டிக்கெட். பக்கத்துப் பக்கத்து வில்லா.

"நடுவுல கதவு இருக்கா?"

"அது கேக்கலை" என்றார் மனுஷர், நிஜமான கவலையோடு.

"யார் கேட்டா? மாமி வரேன்னு சொன்னாளா?"

ரகு வாயைத் திறக்கவில்லை. கடலைப் பார்த்தார். அந்த மௌனத்துக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

"சரி, என்கிட்ட எப்ப சொல்றதா இருந்தேள்?"

"ஏர்போர்ட்டுல."

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் பயப்படுவார்கள். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். கோட்டைத் தாண்டியதும் விசில் காதைக் கிழித்தது.

"பாப்பா! அது தண்ணி! முழுகிடுவே!"

"முழுகறேன்!"

ரோட்டை நோக்கி நான் நடக்க, குடையைத் தூக்கிக்கொண்டு நைனா ஓடிவர, அவர் பின்னால் கூட்டமும் ஓடிவந்தது. கதை சூடுபிடித்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஒரு படகின் பக்கத்தில் நைனா என்னை மடக்கினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும் பாப்பா. நாலு டிக்கெட் போடச் சொல்லிக்கினு வந்தாரு. பாப்பாவுக்குத் தெரியுமான்னேன். நான் சொல்லிக்கறேன்னாரு. மூஞ்சியப் பாத்தா சொல்ற மூஞ்சியா தெர்ல. அதான் ஒட்னே ஒத்திகை வெச்சேன்."

"நீங்களே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் டூர் விக்கறவன். பொண்ணு வூட்டாண்ட போய்க் கோள் சொன்னா அது வேற தொழிலு." மூச்சு வாங்கினார். "இத்த நீ ஏர்போர்ட்டுல கேட்டிருந்தா இன்னா ஆவும்? பெட்டிய அப்டியே போட்டுட்டு ஆட்டோ புடிச்சிருப்பே. அவரு ஒரு ஸ்டாரு, நீ ஒரு ஸ்டாரு, அவுங்க அம்மா, அப்பா… நாலு ஒத்தை ஸ்டாரு பாப்பா! என்னால தாங்க முடியுமா?"

"என் போனைக் குடுங்கோ. கல்யாணத்தை நிறுத்தணும்."

நைனா தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் தரேன். அப்பால நிறுத்திக்கோ. ரூல்ஸுன்னா ரூல்ஸு."

"இது என் கல்யாணம்!"

"அதனாலதான் சொல்றேன். சினிமாவா இருந்தா இப்பவே பேக்கப் சொல்லிட்டிருப்பேன்."

பர்ஸும் அவரிடம், போனும் அவரிடம். ஆட்டோவுக்குக் கொடுக்கக்கூட என்னிடம் சல்லிக்காசு கிடையாது. கல்யாணத்தை நிறுத்த முடியாமல் பட்டப்பகலில் கடற்கரையில் நிற்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள், "நல்லா பண்ணுதுல்ல அந்தப் பொண்ணு" என்று பாராட்டியது வேறு.

அப்போதுதான் ரகு ஓடிவந்து சேர்ந்தார். 'கல்யாணத்தை நிறுத்தணும்' என்றது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"என் போனைக் குடுங்கோ சார். அம்மாகிட்ட வர வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்."

நைனா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். தன் தொழிலில் முதல் தடவையாக ரூல்ஸை மீறி ரகுவின் போனை எடுத்துக் கொடுத்தார். மணி அடிக்கும்போதே எட்டிக் கை நீட்டி, கமுக்கமாக ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டார்.

"சாப்டியாடா?" என்றது மாமியின் குரல்.

"அம்மா… நீயும் அப்பாவும் மாலத்தீவுக்கு வர வேண்டாம்மா."

ரகு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்த பாவம் கல்யாணத்துக்கு முன்பே என் தலையில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"நெஜமாவாடா சொல்றே?"

"நெஜமாத்தாம்மா."

"அப்பாடா! பெருமாளே!" என்றாள் மாமி. "நானாடா வரேன்னேன்? நீதானேடா, 'அஞ்சு நாள் அவளோட தனியா என்ன பேசறதுன்னே தெரியலைம்மா, நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்'னு நச்சரிச்சே? எனக்குத் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும். அங்க பேப்பர் வராதுன்னு உங்கப்பா இப்பவே மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கார். அந்தப் பொண்ணு என்னைப் பத்தி என்ன நெனைச்சுக்கும்னு எனக்குத் தூக்கமே இல்லடா. அவகிட்ட சொல்லிட்டியா? நான்தான் கேட்டேன்னு நெனைச்சுண்டுடப் போறா!"

ஸ்பீக்கரை அணைக்க ரகு மூன்று பட்டனை அமுக்கிப் பார்த்தார். எதுவும் அணையவில்லை. மாமியே பேசி முடித்துத் தானாக வைத்தாள்.

நைனாவின் வாயிலிருந்து விசில் நழுவி மணலில் விழுந்தது. இது அவருக்கும் தெரியாத சங்கதி. "அடப்பாவி நைனா" என்றார் மெதுவாக. சொல்லிவிட்டு, என்னால் நம்பவே முடியாத ஒரு காரியம் செய்தார். கூட்டத்தைப் பார்த்துக் குடையை விரித்துப் பிடித்து, எங்கள் இரண்டு பேரையும் அவர்கள் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டு, அவரும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"என்னோட பேசறதுக்கு பயமா?" என்று கேட்டேன்.

"ஆமாம்."

"ஏன்?"

"நீ சட்டு சட்டுன்னு பேசறே வித்யா. நான் ஒண்ணை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீ அடுத்ததுக்குப் போயிடறே. இவன் ஒரு மண்ணுன்னு ரெண்டாவது நாளே உனக்குத் தெரிஞ்சுடும். அங்கேர்ந்து நீ எங்கயும் போகவும் முடியாது, என்னையே பாத்துண்டு இருக்கணும். அதான்."

நிச்சயதார்த்தம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் நிஜம் அது. எனக்குக் கோபம் போகவில்லை. அம்மா தலையில் பழி விழட்டும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் சிநேகிதிக்குப் போன் செய்து, "நாள் பூரா என்னடி பேசறது, ஏதாவது சொல்லிக் குடேன்" என்று கெஞ்சினவள் நான். அந்தப் பயத்தில் சட்டு சட்டென்று பேசினவளும் நான். பயந்த ஆளைப் பார்த்து இன்னொரு பயந்த ஆள் எத்தனை நேரம்தான் முறைக்க முடியும்?

"இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லணும். அப்புறம்தான் அம்மாகிட்ட."

"சொல்றேன்."

"பயமா இருந்தாலும்."

"பயமா இருந்தா அதையும் சொல்றேன்."

"மாமிகிட்ட நீங்களே போய் மன்னிப்பு கேக்கணும்."

"இன்னிக்கே கேக்கறேன்."

"வாங்கோ, தயிர்சாதம் வெயில்ல காயறது" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பி வட்டத்தை நோக்கி நடந்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்டியே நடந்து போறியே நைனா, அது ஆழ்கடலு!"

ரகு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, அத்தனை கூட்டத்துக்கு முன்னால், காற்றில் கையை வீசி வீசி நீந்திக்கொண்டே தீவில் போய் ஏறினார். அதுவும் தப்புத் தப்பாக நீந்தினார். கூட்டம் கைதட்டியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. போட்டோக்காரர் யாரும் சொல்லாமல் சிரித்தது.

அப்புறம் பேச்சு வந்தது. தயிர்சாதத்துக்கு மாவடுவா நாரத்தங்காயா என்பதில் ஆரம்பித்து, அவர் பள்ளிக்கூடத்தில் பயந்த கதை, நான் பயந்த கதை என்று போய், நடுவில் சும்மாவும் இருந்தோம். சும்மா இருந்தபோது ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. எங்கள் சத்தம் நின்ற போதெல்லாம் தூரத்தில் மீன் மட்டும் எழுந்து எழுந்து பார்த்துத் தவித்தது.

சூரியன் இறங்கியதும் நைனா வந்தார். பூட்டைத் திறந்து என் போனை எடுத்து நீட்டினார்.

"இந்தா பாப்பா. சொன்ன மாரியே குட்த்துட்டேன். நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோ."

வாங்கி அம்மாவுக்குப் போன் போட்டேன். ரகுவும் நைனாவும் போனை ஒட்டிக் காதை நீட்டினார்கள்.

"என்னடி, என்ன ஆச்சு?" என்றாள் அம்மா.

"அம்மா, ராத்திரி ரகுவும் நம்மாத்துல சாப்பிட வரார். அதுக்கு முன்னாடி அவருக்கு அடையாறுல ஒரு சின்ன வேலை இருக்கு. ஒரு கரண்டி மாவு கூடப் போடு."

நைனா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "பேக்கப்! பேக்கப்!" என்று கத்திக்கொண்டே மணலில் போட்ட கோட்டைக் காலால் அழித்தார்.

கல்யாணம் நடந்தது. மாலத்தீவுக்கு இரண்டு பேர்தான் போனோம். அங்கே நாங்கள் சண்டை போட்டதும் சமாதானம் ஆனதும் உங்களுக்கு எதற்கு? திரும்பி வந்த மத்தியானம், சென்னை விமான நிலையத்தில், யார் டிராலியைத் தள்ளுவது என்று இரண்டு பேரும் பிடுங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வெளியே வந்தோம். அங்கே அழைக்க வந்தவர்கள் கூட்டத்துக்குப் பின்னால், ஒரு தூணில் பாதி மறைந்துகொண்டு நைனா நின்றிருந்தார். டிக்கெட் விற்றவர் யாராவது ஊருக்குத் திரும்புகிறவர்களைப் பார்க்க வருவார்களா? அவர் தான் அனுப்பிய ஒவ்வொரு ஜோடிக்கும் வருவாராம், பிற்பாடு கேள்விப்பட்டேன். வணக்கம் சொல்ல இல்லை, ஸ்டார் கேட்கவும் இல்லை. ஜோடியாக வெளியே வருகிறார்களா, முகம் எப்படி இருக்கிறது, அதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் முகத்தைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, தேர்வு எழுதி முடித்த பிள்ளை மாதிரி கழுத்தையும் நெற்றியையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு ஆட்டோ ஒன்றைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார். நான் கூப்பிட்டிருக்கலாம். அந்த மனுஷர் எவ்வளவு நிம்மதியாகப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.